வீட்டுக்குள் சுயராஜ்யம்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், வலப்புறம் முழுவதும் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலை வழித்துணைபோல் கூடவே வருகிறது. மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். இப்பால் சோளமும் நிலக்கடலையும் விளையும் செம்மண் காடுகள், நடுநடுவே தென்னையும் மாவும். கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் நேயர்களுக்கு முல்லைப் பெரியாறு பாயும் நெல் வயல்களும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களும் நினைவுக்கு வரும். அந்தச் செழிப்பெல்லாம் ஆற்றை ஒட்டி. மலையடிவாரத்துப் பொட்டிப்புரமோ பெரும்பாலும் வானத்தையும் கிணற்றையும் நம்பிப் பிழைக்கும் ஊர். ஆடி மாதத்தில் போனால், சாரலைத் தூரத்தில் காட்டிவிட்டு வெறுங்காற்றை மட்டும் கீழே அனுப்பி வைக்கும் மலையின் கஞ்சத்தனத்தை நேரில் காணலாம்.

இவ்வளவு சின்ன ஊரின் பெயர் உலகத்து விஞ்ஞானிகளின் வாயில் அடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் ஒன்று அமைக்க 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். 50,000 டன் காந்த இரும்பை மலைக்குள் அடுக்கி, கண்ணுக்குப் புலப்படாத அந்தத் துகளைக் கண்டறிவது நோக்கம். ஊராரின் எதிர்ப்பும், கோர்ட்டு வழக்குகளும், மாநில சர்க்காரின் மறுப்பும் சேர்ந்துகொள்ள, ஆய்வகம் இன்னும் எழவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் நியூட்ரினோவின் குணம் ஒன்று நம் மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடி துகள்கள் நம்மை ஊடுருவிச் செல்கின்றனவாம். நாம் அறிவதில்லை, கண்டுகொள்ள ஒரு மலையே தேவைப்படுகிறது.

நம் ஊர்களில் மனிதர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களைக் காண மலையைக் குடைய வேண்டியதில்லை. வீட்டின் பின்கட்டு வரை சென்றால் போதும்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். குழந்தைப் பருவத்துக்குப் பதிவேடு உண்டு. கால் நடக்காத பிள்ளையும், புத்தி வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளையும் அந்த ஏட்டில் இருக்கிறார்கள். சிறப்பு ஆசிரியர் வருகிறார். உதவித் தொகை வருகிறது. பதினெட்டு வயது நிரம்பியதும் ஏடு மூடிவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்? எங்கும் போவதில்லை. வீட்டிலேயே இருக்கிறார்கள். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் 'குழந்தை' என்றே அழைக்கப்படுகிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எப்போது எழுந்திருப்பது, எதை உண்பது, எந்தச் சட்டையைப் போடுவது என்பதெல்லாம் பிறர் முடிவு. பெற்றோருக்கோ வயது ஏறுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ தாய்மார்கள் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "நான் கண்ணை மூடிட்டா இவனுக்கு யாரு சார் இருக்கா?"

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். ஆகவே அந்தத் தாயின் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல, தேசத்தின் கேள்வி.

இக்கேள்விக்கு நம் நாடு சொல்லிவந்த பழைய பதில் எத்தன்மையது என்பதை 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி காட்டிற்று. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத அண்ணன் தம்பிகளும் தாய் தந்தையருந்தான்.

வேறு வழி உண்டா? உண்டு. பொட்டிப்புரத்திலிருந்து இதே மலைத்தொடரைப் பிடித்துக்கொண்டு தெற்கே சென்றால், தென்காசிக்கு அருகே ஆய்க்குடி வருகிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்றார். உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. 1981-இல் தம் ஊரிலேயே 'அமர் சேவா சங்கம்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். இருவரும் எழுந்து நிற்க முடியாதவர்கள். அவர்கள் நிறுத்தி வைத்த ஸ்தாபனமோ ஒரு கிராமத்தையே போன்றது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு அத்தகைய இடங்களில் கற்பிக்கும் பாடங்கள் மிகச் சாதாரணமானவை: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்வது, தாமாகக் குளிப்பது. சாதாரணமானவைதாம், ஆனால் அவற்றை இழந்தவருக்கு அவைதாம் ராஜ்யம்.

இரண்டாவது உதாரணம் சென்னையில் பிறந்தது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம்பெண்கள், மனநோயுற்றுத் தெருவில் அலைந்த பெண்களுக்காக 'தி பேன்யன்' என்ற நிலையத்தை ஏற்படுத்தினார்கள். சிகிச்சை பெற்றுக் குணமடைந்த பலர் தத்தம் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் சிலருக்குத் திரும்புவதற்கு வீடே இல்லை. சிலருக்கு வீடு இருந்தும் கதவு திறக்கவில்லை. அவர்கள் ஆயுள் முழுவதும் நிலையத்திலேயே கிடக்க வேண்டியதுதானா? இதற்கு விடையாக 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் ஆரம்பமாயிற்று.

திட்டம் எளியது. ஊருக்குள், மற்றவர்கள் குடியிருக்கும் தெருவில், ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒருவரோடொருவர் ஒத்துப்போகும் நாலைந்து பேர், யாரோடு யார் வசிப்பது என்று தாங்களே தீர்மானித்து, ஒரு குடும்பம்போல் அங்கே குடியேறுகிறார்கள். துணைக்கு ஓர் உதவியாளர். தேவை அதிகமானால் உதவியும் அதிகம். தேவை குறையக் குறைய உதவியாளரும் ஒதுங்கிக்கொள்கிறார். வீட்டுக்கு ஆஸ்பத்திரிப் பலகை கிடையாது. உப்புக் குறைந்தால் கடைக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் தொடங்கிய இம்முயற்சி கேரளம், மகாராஷ்டிரம், அஸ்ஸாம் வரை பரவியிருக்கிறது.

சட்டமும் இப்போது இந்தப் பக்கமே நிற்கிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றது. அதன் 19-ஆவது விதி, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சமூகத்தோடு வாழும் உரிமையை ஒப்புக்கொண்டது. குடும்பம் ஏற்கவில்லை என்பதையோ வீடில்லை என்பதையோ காரணமாகக் காட்டி ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விதித்தது. ஆனால் சட்டம் வீடு கட்டித் தராது. வாடகைக்கு வீடு கொடுக்கும் மனசும் வேண்டும்.

"தானாக எல்லாம் செய்துகொள்ள முடியாதவருக்குச் சுதந்திரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவரிடம் இக்கேள்வியைக் கேட்டிருக்கலாம். போலியோவால் கை கால்கள் செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரத்துக்குள் உறங்கியவர் அவர். 1962-இல் பெர்க்கிலி சர்வகலாசாலையில் சேர்ந்தபோது, அங்கிருந்த ஆஸ்பத்திரிதான் அவருக்கு விடுதியாயிற்று. 1972-இல் சுயேச்சை வாழ்வுக்கான முதல் நிலையத்தை அந்நகரில் நண்பர்களோடு ஏற்படுத்தினார். பல் தேய்த்துவிட ஆள் வேண்டியிருக்கலாம். எப்போது தேய்ப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே சுதந்திரம் என்பது அவ்வியக்கத்தின் சாரம்.

யோசித்துப் பார்த்தால், தனித்து வாழ்பவர் நம்மில் யார்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத் தோட்டத்துக்குச் செல்லும் பெண்ணின் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறாள். மோட்டார் பழுதானால் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றுத் தண்ணீர் வருகிறது. பிறர் உதவியால் வாழும் நாம் அனைவரும் சுதந்திர புருஷர்களாம். மாற்றுத் திறனாளி மட்டும் பாரமாம்! 1947-க்கு முன், சுயராஜ்யத்துக்கு நாம் தகுதியற்றவர்கள் என்று பிறர் சொன்னபோது நமக்கு எப்படிக் கொதித்தது? அதே வார்த்தையை நம் வீட்டுப் பின்கட்டில் உள்ளவரிடம் நாமே சொல்வது நியாயமா?

பொட்டிப்புரத்துத் தெருவில் இந்த நினைப்போடு நடந்தபோது, ஊர் வேறாகத் தெரிந்தது. பஸ்ஸின் முதற்படி முழங்கால் உயரம். சக்கர நாற்காலிக்கு அது சுவர். மளிகைக் கடைக்கு மூன்று படி. ஆயினும் இவ்வூரிடம் பட்டணத்தில் கிடைக்காத சொத்துக்களும் உண்டு. திண்ணை இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்தவரை இரண்டு வார்த்தை பேசாமல் கடந்து போகாத வழக்கம் இருக்கிறது. வாடகை குறைவு. கோழி வளர்க்கலாம், பூக் கட்டலாம், தோட்டத்தில் கடலை உடைக்கலாம். வேண்டியவை ஒரு சரிவுப் பாதை, கைப்பிடி வைத்த குளியலறை, நியாயமான சம்பளம் பெறும் உதவியாளர், மாதந்தோறும் தவறாத மருந்து. இவற்றில் செலவு அதிகம் பிடிப்பது உதவியாளர் சம்பளம். அங்கே சிக்கனம் பார்த்தால் வீடு மறுபடியும் கொட்டகையாகிவிடும். இரவில் வலிப்பு வந்தால் யார், தீபாவளிக்கு உதவியாளர் ஊருக்குப் போனால் யார் என்பவற்றுக்கும் முன்கூட்டியே விடை வேண்டும்.

நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "நம் ஊரில் பதினெட்டு வயது கடந்த மாற்றுத் திறனாளிகள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே, எப்படி வாழ விரும்புகிறார்கள்?" என்று கேளுங்கள். அவர்களையே அழைத்து வந்து பேசச் சொன்னால் இன்னும் நல்லது. வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்கள், இத்தகைய நாலு பேர் வந்து கேட்டால், வாடகை எவ்வளவு என்று மட்டும் சொல்லிச் சாவியை அவர்கள் கையில் கொடுங்கள்.