இறக்கத்தின் சோதனை

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் நடைபெறும் மாரத்தான் ஓட்டம் மிகப் பழமையானது. 1897ஆம் ஆண்டு பதினைந்தே பேர் ஓடித் தொடங்கிவைத்தது அது. வழக்கமாக ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையன்று நடைபெறும் இவ்வோட்டத்தில் இக்காலத்தில் முப்பதினாயிரம் பேர் வரை கலந்துகொள்கின்றனர். ஓடவேண்டிய தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். உலகின் பல நகரங்களிலும் இதே தொலைவுதான் ஓடப்படுகிறது. எனினும், பாஸ்டனில் ஓடியவர் எவரைக் கேட்டாலும் தொலைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு குன்றைப் பற்றியே பேசுவார். நியூட்டன் என்னும் ஊரில், கிட்டத்தட்ட முப்பத்து மூன்றாம் கிலோமீட்டரில் எதிர்ப்படும் அக்குன்றுக்கு ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர். ‘நெஞ்சுடைக்கும் குன்று’ என நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தகைய பெயரைக் கேட்டதும் வானளாவிய மலையொன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அக்குன்றின் ஏற்றம் தொண்ணூறு அடிக்கும் குறைவு. நாகூரின் பெரிய மினாரா 131 அடி உயரமுடையது. அம்மினாராவின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தை, முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், அகன்ற தார்ச்சாலையில் ஏறிக் கடக்கவேண்டும், அவ்வளவே. மாலை வேளையில் முதியவர்கள் உலாவிவரக்கூடிய சரிவு அது. அதற்கு நெஞ்சை உடைக்கும் வலிமை எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை குன்றில் இல்லை. குன்றுக்கு முன்னுள்ள சாலையில் இருக்கிறது. ஓட்டம் தொடங்கும் ஹாப்கின்டன் என்னும் சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓட்டம் முடியும் பாய்ல்ஸ்டன் தெருவோ ஏறக்குறைய கடல் மட்டத்தை ஒட்டியது. ஆக, மொத்தத்தில் பார்த்தால் இது ஒரு இறக்கப்பாதை! 2011ஆம் ஆண்டு கென்ய நாட்டு வீரர் ஜெஃப்ரி முடாய் இங்கே 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை எவரும் மாரத்தானை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ஆயினும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. பாதையின் தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதும், பாதை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இறங்குவதும் அதற்குரிய காரணங்கள். விதி நூல்கள் இப்பாதையை எளிதென்று கருதுகின்றன. ஓடிய கால்கள் அதைக் கடினமென்று சாட்சி சொல்கின்றன.

இரண்டும் மெய்யே. இறக்கத்தில் ஓடும்போது மூச்சு வாங்குவதில்லை, மனம் குதூகலிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடலின் எடை முன்னோக்கிச் சாய, அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை தொடையின் முன்புறத் தசைகளுக்கு வந்து சேர்கிறது. சுருங்கி வேலை செய்யும் தசையைவிட, நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசை மிகுதியாகச் சேதமுறும் என்பது உடலியலார் கண்ட உண்மை. தசை இழைகளில் நுண்ணிய கிழிவுகள் தோன்றுகின்றன. அப்போது வலி தெரிவதில்லை. கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பின்னர் முப்பதாம் கிலோமீட்டரையொட்டி உடலில் சேமித்துவைத்த மாவுச்சத்தும் வற்றத் தொடங்குகிறது. அந்த வேளை பார்த்து நியூட்டன் நகரின் நான்கு ஏற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நான்காவதுதான் நாம் சொன்ன குன்று. கடன் கொடுத்தவன் வட்டியும் முதலுமாக வாங்க வாசலில் வந்து நிற்பதைப் போல அது நிற்கிறது.

இவற்றையெல்லாம் நாம் அறிய நேர்ந்தது நம் தமக்கையார் மகனால். அவருடைய தந்தை, அதாவது நம் மச்சான், ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் மறைந்தவர். மகன் பாஸ்டனுக்கு அருகில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். நாற்பது வயதை எட்டியபோது மருத்துவர் அவருடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர் என்று எச்சரித்தாராம். அன்று நடக்கத் தொடங்கியவர், பிறகு ஓடத் தொடங்கினார். 2024ஆம் ஆண்டு, ஏழை நோயாளிகளுக்கான அறநிதி ஒன்றுக்குப் பொருள் திரட்டித் தருவதாக ஏற்று, அதன் வாயிலாகப் பாஸ்டன் மாரத்தானில் ஓடும் வாய்ப்பைப் பெற்றார். ஊரிலிருந்த தமக்கையார் இதைக் கேட்டுக் கலங்கினார். “அவன் வாப்பாவை எடுத்துக்கொண்ட நோய் நெஞ்சு நோய். இவன் நெஞ்சுடைக்கும் குன்றில் ஏறப்போகிறானாம்! நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும், தம்பி” என்றார். அவ்வாண்டு ரமலானை மருமகன் இல்லத்தில் கழிக்க நாம் சென்றிருந்ததன் பின்னணி இதுவே.

பெருநாள் ஏப்ரல் 10ஆம் நாள். ஓட்டம் ஏப்ரல் 15ஆம் நாள். ஆகவே, பயிற்சியின் முக்கியமான வாரங்கள் நோன்பிலேயே கழிந்தன. மருமகன் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து, குளிருக்கான உடை அணிந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஓடப் புறப்படுவார். நீண்ட ஓட்டமென்றால் திரும்பும்போது ஸஹர் உணவுக்கு அடுப்பு பற்றவைத்திருக்கும். நமக்கு வியப்பளித்தது அவர் ஓடிய தொலைவன்று. வீட்டுக்கருகில் சரிவான சாலை ஒன்று உண்டு. அதில் ஏறுவதைக் காட்டிலும் மெல்ல இறங்குவதையே அவர் திரும்பத் திரும்பப் பழகினார். “ஏறுவது வருத்தினால் உடம்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாமா. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க நாம்தான் சொல்லவேண்டும். அது சொல்பேச்சுக் கேட்பதில்லை” என்றார்.

ஓட்ட நாளில் வெயில் சற்றுக் கடுமையாகவே இருந்தது. நாம் குன்றின் மேற்பகுதியில், சாலையோரத்தில் இடம் பிடித்து நின்றோம். முன்னணி வீரர்கள் எப்போதோ கடந்து போயிருந்தனர். பிற்பகலில் வந்தவர்கள் எளிய மனிதர்கள். தலைநரைத்த ஒரு பெரியவர் தம் இரு கைகளாலும் தொடைகளை அழுத்திக்கொண்டு, கூன் விழுந்தவர்போல் ஏறினார். ஓர் இளைஞர் ஓடிவந்த வேகத்தில் திடீரெனச் சாலையோரக் கம்பித் தடுப்பைப் பற்றிக்கொண்டு நின்றார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கல்லாகியிருந்தது. முன்பின் அறியாத பெண்ணொருத்தி அவருக்கு உப்பிட்ட தின்பண்டம் கொடுத்தாள். ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளைகள் கை நீட்டி நின்றனர். மார்பில் எழுதியிருந்த பெயரைப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லி, அறிமுகமில்லாத ஆயிரம் பேர் கூவி ஊக்கமூட்டினர்.

ஓடுவோரின் எண் அட்டையில் சிறு மின்சில்லு இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையில் விரித்திருக்கும் பட்டையை அவர் மிதிக்கும்போது, உலகின் எந்த மூலையிலிருந்தும் கைபேசியில் அதை அறிந்துகொள்ளலாம். முப்பதாம் கிலோமீட்டரை மருமகன் கடந்த செய்தி வந்தபோது நம் ஊரில் நள்ளிரவு. தமக்கையார் கையில் தஸ்பீஹ் மணியுடன் விழித்திருந்தார். குன்றோ, முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் இருக்கிறது. அந்த இடைவெளியில் செய்தி ஏதும் இல்லை. “இன்னும் காணோமே தம்பி” என்று இருமுறை அழைத்துவிட்டார். நாமும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவாறாக அவர் தென்பட்டார். ஓடவில்லை, நடந்தார். பத்தடி ஓடுவதும் இருபதடி நடப்பதுமாக ஏறினார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. நம்மைக் கண்டதும் மார்பின்மீது கை வைத்து, நலம் என்று குறிப்புக் காட்டிச் சென்றார். அக்குறிப்பை ஊருக்குச் சொல்லும்போது நம் குரல் தழுதழுத்தது.

ஏறக்குறைய நான்கு மணி ஐம்பது நிமிடத்தில் அவர் ஓட்டத்தை முடித்தார். அன்றிரவு அவருடன் ஓடிய நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தனர். ஒருவர் முப்பது வயதும் நிரம்பாதவர். நம் மருமகனைவிடப் பன்மடங்கு வேகமுடையவர். “ஹாப்கின்டனில் புறப்பட்டபோது பறப்பதுபோல் இருந்தது. வெல்லெஸ்லியில் பாதித் தொலைவைக் கடந்தபோதும் என் வாழ்நாளின் சிறந்த ஓட்டம் இதுவென்று நினைத்தேன். நியூட்டனில் கால்கள் என்னுடையவையாக இல்லை” என்று அவர் சொன்னார். அவரும் மருமகனும் ஏறத்தாழ ஒரே வேளையில்தான் ஓட்டத்தை முடித்திருந்தனர். மற்றவர் பல முறை அங்கே ஓடிய பள்ளி ஆசிரியை. “குன்று யாரையும் வீழ்த்துவதில்லை. காலையில் செய்ததை மாலையில் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்” என்றார் அவர்.

அந்த அம்மையாரின் சொல்லைக் கேட்டபோது, நாம் நாள்தோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. ‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லை நாம் ‘பொறுமை’ என்று பெயர்க்கிறோம். பேச்சில் ‘சபுர்’ செய்யுங்கள் என்கிறோம். அதுவும் மையித்து வீட்டிலும் மருத்துவமனையிலுமே பெரிதும் சொல்கிறோம். அச்சொல்லின் வேர்ப்பொருளோ தடுத்து நிறுத்துதல், கட்டிப்பிடித்து வைத்தல் என்பதாகும். துன்பத்தைத் தாங்குவது அதன் ஒரு கிளை மட்டுமே. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில், உடல்நலமும் செல்வமும் வாய்த்த காலத்திலும் மனிதனுக்கு ஸப்ர் தேவை என்பதையும், அதுவே கடினமானது என்பதையும் விரிவாகப் பேசுகிறார்கள். ஏற்றத்தில் பொறுப்பது வேறு வழியின்றிப் பொறுப்பது. இறக்கத்தில் கால்களைப் பிடித்து நிறுத்துவது விரும்பிப் பொறுப்பது. அந்த ஆசிரியை அரபு அறியாதவர். அச்சொல்லின் பொருளைக் கால்களால் கற்றிருந்தார்.

குன்றுக்கு அப்பெயர் வந்த வரலாறும் இதற்கு அரணாகிறது. 1936ஆம் ஆண்டு எல்லிசன் பிரவுன் என்னும் செவ்விந்திய வீரர் முன்னே ஓடிக்கொண்டிருந்தார். முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஜான் கெல்லி நியூட்டன் ஏற்றங்களில் அவரை எட்டிப்பிடித்து, தோளில் தட்டிவிட்டு முந்த முயன்றார். தட்டுப்பட்ட பிரவுன் சீறிப் பாய்ந்து வெற்றி பெற்றார். கெல்லி ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். கெல்லியின் நெஞ்சு உடைந்த இடம் என்னும் பொருளில் நாளேட்டுச் செய்தியாளர் ஜெரி நேசன் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் கெல்லி 1945இல் மீண்டும் வென்றார். மொத்தம் 61 முறை பாஸ்டனில் ஓடினார். 1992இல் கடைசியாக ஓடியபோது அவருக்கு வயது 84. நியூட்டன் சாலையோரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. இளைஞரான கெல்லியும் முதியவரான கெல்லியும் கைகோத்து ஓடுவதாக அதை வடித்துள்ளனர். அவசரப்பட்ட இளமையை முதுமை கைபிடித்து அழைத்துச் செல்வதாகவே நமக்குத் தோன்றியது.

இன்னொரு தந்தையையும் இங்கே குறிப்பிடாதிருக்க இயலவில்லை. டிக் ஹாய்ட் என்பவரின் மகன் ரிக், பிறக்கும்போதே மூளைக்கு உயிர்வளி குறைந்து கைகால் இயக்கம் இழந்தவர். மகனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டே அத்தந்தை 32 முறை பாஸ்டன் மாரத்தானை ஓடினார். 2014ஆம் ஆண்டு இருவரும் சேர்ந்து கடைசியாக அங்கே ஓடியபோது தந்தைக்கு வயது 70ஐக் கடந்திருந்தது. ஏற்றத்தில் அந்நாற்காலியைத் தள்ளிய அருமையை எல்லோரும் புகழ்வர். இறக்கத்தில் அது கைமீறி ஓடிவிடாமல் மகனின் உயிரைப் பிடித்திழுத்துக்கொண்டே ஓடினாரே, அதை எண்ணிப் பார்ப்போர் சிலர்.

விதிக்கு விலக்கு இல்லாமலும் இல்லை. நாம் கண்ட 2024ஆம் ஆண்டிலேயே எத்தியோப்பிய வீரர் சிசாய் லெம்மா முதற்பாதியை 1 மணி 19 விநாடியில் பாய்ந்து கடந்தார். பிற்பாதியில் வேகம் குறைந்தபோதும் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. எனினும் நெடுந்தொலைவு முன்னிலை வகித்த அவருக்கும் இரண்டாமவருக்கும் முடிவில் இருந்த இடைவெளி 41 விநாடிதான். வல்லவனுக்கும் குன்று தன் பங்கை வாங்காமல் விடவில்லை.

மறுநாள் காலை மருமகன் மாடியிலிருந்து இறங்கிவந்த காட்சியைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏறுவதில் தொல்லையில்லை, இறங்கத்தான் தொடைகள் ஒத்துழைக்கவில்லை. அன்று நகரின் நிலத்தடி ரயில் நிலையங்களிலும் அவ்வாறு இறங்குவோர் பலரைக் கண்டோம்.

நம் குடும்பங்களில் பல, பாட்டனார் காலத்து ஏற்றத்தைக் கடந்து இன்று இறக்கத்தில் இருக்கின்றன. கடல் கடந்த வருவாய், வாசலில் வாகனம், நாள்தோறும் விருந்துச் சோறு, அதைச் செரிக்க மாத்திரை! மூச்சு வாங்கவில்லை என்பதால் நலமாக ஓடுவதாக எண்ணிக்கொள்கிறோம். நம் மச்சானும் அவ்வாறே எண்ணியிருந்தார். அவருக்கு ஏற்றம் வந்தது ஐம்பத்திரண்டில். அவர் மகனோ வசதியான நாளிலேயே தம்மைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டார். எல்லோரும் மாரத்தான் ஓடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு வாகனத்தை விட்டுவிட்டு நடந்து போகலாம். நிறைந்த தட்டின்முன் கையை ஒரு கவளம் முன்னதாக நிறுத்தலாம். அதுவும் ஸப்ர்தான். அந்த ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும், சிறப்பாக நம் இளைய தலைமுறைக்கும், அருள்வானாக.