உச்சிக்குப் போன முதல் சாலை

பெங்களூரிலிருந்து கோலார் போகும் வழியில் இருக்கிறது ஹொசகோட்டே. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று அங்கே உண்டு. அந்த வளாகத்துக்கு இரண்டு மலைகளோடு உறவு. ஒன்று லடாக்கின் ஹான்லே. அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை இங்கே உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியே இயக்குகிறார்கள். மற்றொன்று ஹவாய்த் தீவின் மௌனா கேயா. அந்த மலையில் கட்டத் திட்டமிட்ட 30 மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. 2014 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதன் முதன்மை ஆடி 492 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அதில் ஒரு பங்கை மெருகேற்றித் தருவது நம் பொறுப்பு. அதற்கான கூடம் ஹொசகோட்டேயில்தான் இருக்கிறது.

ஆடி போய்ச் சேர வேண்டிய மலையில் தொலைநோக்கி எழும்பவில்லை. 2014 அக்டோபரில் கால்கோள் விழாவையே ஹவாய்ப் பூர்வகுடிகள் தடுத்து நிறுத்தினார்கள். 2015 டிசம்பரில் ஹவாய் உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2018 அக்டோபரில் மறு அனுமதியை உறுதி செய்தது. 2019 ஜூலையில் மலைச் சாலையில் உட்கார்ந்துவிட்டவர்களில் 38 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். பெங்களூரில் வானியல் ஆர்வலர்களிடம் பேச்செடுத்தால், "எல்லா ஸ்டடியும் முடிஞ்சு பர்மிஷனும் வாங்கியாச்சே சார், அப்புறம் என்ன தகராறு?" என்பார்கள். அந்த ஸ்டடியில் என்னதான் இருக்கிறது, அது எங்கிருந்து தொடங்கியது என்று தேடத் தொடங்கினேன்.

2010இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஹிலோ வளாகம் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கவனமாக எழுதப்பட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட மலையில் இறங்காது, வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோவோம் என்கிறது. உச்சி முகட்டை விட்டுச் சற்றுக் கீழே, வடபுற எரிமலைப் பாறைத் தளத்தில் இடம் குறித்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் வெகியு என்ற பூச்சி. அரிசி மணி அளவுதான் இருக்கும். பறக்க இறக்கை கிடையாது. செடிகொடி இல்லாத உச்சியில், எரிமலைத் துகள்களின் இடுக்குகளில் வாழ்கிறது. கீழே காடுகளிலிருந்து காற்று தூக்கி வந்து போடும் பூச்சிகள் குளிரில் விறைத்துக் கிடக்க, அவற்றின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிறது. உடலில் ஓடும் திரவம் உறைந்துபோகாதபடி அமைந்திருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். உச்சியின் எரிமலைக் கூம்புகளைச் சமப்படுத்தித் தொலைநோக்கிகள் கட்டியபோது அதன் வீடும் சேர்ந்து நசுங்கியது.

மனிதர்களுக்கும் அந்த உச்சியில் வீடு உண்டு, வேறு விதமாக. வையாவு ஏரியில் பிள்ளைகளின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் ஹவாய்க் குடும்பங்களில் இருக்கிறது. இடுப்பு உயரத்துக்குக்கூடக் கட்டடம் வராத இடமாக அதை அவர்கள் நினைப்பதில் எனக்கு வியப்பில்லை. நம்மூரில் கோயில் மலையின் மேல் 56 மீட்டர் உயரக் குவிமாடம் எழுப்ப எந்த அரசும் துணியாது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. மலையின் பண்பாட்டு, தொல்லியல், வரலாற்றுச் செல்வங்கள்மீது இதுவரை நடந்தவற்றின் ஒட்டுமொத்தத் தாக்கம் பெரியது, குறிப்பிடத்தக்கது, பாதகமானது என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. புதிய தொலைநோக்கி அதில் சேர்க்கப்போவது சிறு பங்குதான் என்றும் சொல்கிறது. ஏற்கெனவே இவ்வளவு கெட்டுவிட்டதால் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பெரிய வித்தியாசமில்லை என்ற வாதம், எழுதியவர்கள் அப்படி எண்ணினார்களோ இல்லையோ, அந்த இரண்டு கூற்றுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை நேர்மையான ஒப்புதலிலிருந்து இவ்வளவு பலவீனமான முடிவா?

இதே கருத்தை இதற்கு முன்னால் யார் எழுதியது என்று பின்னோக்கிப் போனேன். 2005இல் கிடைத்தது. அதே மலையில் இருக்கும் கெக் தொலைநோக்கிகளைச் சுற்றிச் சிறு தொலைநோக்கிகள் வைக்க நாசா விரும்பியது. முதலில் ஒரு சுருக்கமான மதிப்பீட்டோடு முடித்துக்கொள்ளப் பார்த்தது, வழக்கு வந்தது, 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது போதாது என்றது. முழு அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் 2005இல் நாசாவே ஏறக்குறைய இதே முடிவை எழுதியது. அடுத்த ஆண்டு மாநில அனுமதியும் நீதிமன்றத்தில் விழ, திட்டம் கைவிடப்பட்டது. அதற்கும் முன்னால், 1998இல், மலையைப் பல்கலைக்கழகம் சரிவரக் காக்கவில்லை என்று மாநிலத் தணிக்கையாளர் கடுமையாகச் சொல்லியிருந்தார். அதையும் தாண்டிப் போனால் 1968: பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகை. அது 2033இல் முடிகிறது.

தாக்க அறிக்கை கேட்கும் அமெரிக்கச் சட்டம் 1970இல்தான் வந்தது. உச்சிக்குச் சாலை போட்டதோ 1964இல். அந்தச் சாலைக்கும் ஒரு பிறப்பு இருந்தது. 1960 மே மாதம் சிலியில் நிலம் நடுங்கி எழுந்த ஆழிப்பேரலை ஹிலோ ஊரில் 61 உயிர்களைக் கொண்டுபோனது. கடைத்தெரு அழிந்து பிழைப்பு நொடித்த ஊர், எதைக் கொண்டு மீள்வது என்று தவித்தது. அவ்வூர் வணிகச் சங்கத்தின் மிட்சுவோ அகியாமா, எங்கள் மலையில் வந்து வானம் பாருங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். வானியலர் ஜெரார்டு கைப்பர் வந்தார். புல்டோசர் ஏறியது. முதல் சோதனைத் தொலைநோக்கி வைத்த கூம்புக்குப் பனித் தெய்வமான பொலியாஹுவின் பெயர்.

இதைப் படித்தபோது எனக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வந்தது. பெங்களூர் கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மதராஸ் வானாய்வகம். அது மலை ஏறியதற்கும் ஒரு பேரழிவே பின்னணி. மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. சூரியனைப் படித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. உயரம் உண்டு, தூசி இல்லை, தெற்கே இருக்கிறது. 1899இல் மிச்சி ஸ்மித் தலைமையில் ஆய்வகம் அமைந்தது. அம்மலைப் பழங்குடிகளான பளியரையும் சோலைக்காட்டையும் கணக்கில் சேர்க்கும் எண்ணம் அந்தக் காலத்துக்கு இல்லை. 1960களின் பிற்பாதியில் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தபோதும் நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. நம் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994 ஜனவரியில்தான் வந்தது.

இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் 2006 அறிவிக்கையின் திட்டப் பட்டியலில் வானாய்வகம் என்று தனி இனமே கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் கட்டுமானத் திட்டம் என்ற வாசல் வழியாக நுழையலாம். தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம் அந்த வாசலில்தான் சிக்கியது. அது உச்சியில் அமைவதல்ல, அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே வைப்பது. முதலில் நினைத்த நீலகிரி சிங்காராவை 2009இல் மத்திய அரசு மறுத்தது. யானைகளும் முதுமலைப் புலிகளும் காரணம். தேனிக்கு 2011இல் கிடைத்த அனுமதியை 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது: மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது கணக்கில் வரவில்லை, அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரமும் இல்லை. 2018இல் மத்திய அமைச்சகம் தனி நேர்வாகக் கருதி அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு புலி வழித்தடத்தைக் காட்டி உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. மாடிக் கட்டடத்துக்கு எழுதிய படிவத்தில் மலையைப் பொருத்தப் பார்த்தால் வழக்குமன்றம்தான் மிஞ்சும்.

இனி ஹான்லே. 2000இல் ஒரு தொலைநோக்கி. பிறகு காமா கதிர் பார்க்கும் ஹாகர், 2018இல் குரோத், 2024இல் 21 மீட்டர் மேஸ். 13.7 மீட்டர் ஆடி கொண்ட ஒன்றையும் பெங்களூர் நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் நாட்டுக்குத் தேவை. அவற்றைக் கட்ட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் மௌனா கேயாவிலும் இப்படித்தான் ஒன்று ஒன்றாக ஏறி 13 ஆயின. ஹான்லே இருப்பது சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்தில். கியாங் என்னும் காட்டுக் கழுதையும் கருங்கழுத்துக் கொக்கும் சாங்பா மக்களின் ஆட்டு மந்தையும் பகிர்ந்துகொள்ளும் வெளி அது. 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டர் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, ஊர்க்காரர்கள் தெருவிளக்குக்கு மூடி போட்டார்கள், சன்னலுக்குக் கனத்த திரை தொங்கவிட்டார்கள். தொலைநோக்கிக்காக ஊர் இத்தனை செய்கிறது.

ஊருக்கும் மலைக்கும் தொலைநோக்கி என்ன செய்கிறது என்பதும் அதே விவரத்தோடு எழுதப்பட வேண்டும். புதிய ஆடியின் பங்கு சிறியதா பெரியதா என்று மட்டும் பார்க்காமல், 2000இலிருந்து அந்த வெளியில் ஏறிய அனைத்தையும் சேர்த்து ஒரே ஆவணம்: தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து, டீசல் எவ்வளவு, கழிவு எங்கே, சாலை எந்த மேய்ச்சல் வழியை வெட்டுகிறது, காலம் முடிந்த கருவியை யார் இறக்குவது. மௌனா கேயாவில் 2005இல் எழுதியதை ஹான்லேயில் இப்போதே, கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போதே எழுதலாம். 13.7 மீட்டருக்கு வரைபடம் போடும் கோரமங்களா மேசையிலேயே அதன் முதல் பக்கத்தைத் தொடங்கலாம். ஹான்லே கிராமத்தாரையும் அந்த மேசைக்கு அழைக்கலாம்.