அப்பா ஏன் போன் எடுக்க மாட்டேங்கறாரு?

"அப்பாவுக்குக் கூப்ட்டா எடுக்கறதே இல்லீங்க டாக்டர். எடுத்தாலும் சரி சரின்னு சொல்லி வெச்சுடறாரு. வாட்ஸ்அப்ல அனுப்புனா மட்டும் உடனே பதில் வருது. எங்க மேல என்ன கோவம்னே தெரியல."

வெள்ளகோவில்ல ஓபி பாக்கற எனக்கு இது பழகிப்போன புகார். இளவட்டம் ஏன் போன் எடுக்கறதில்லைங்கறது வேற கதை, அதை எல்லாரும் பேசியாச்சு. 50 வயசு தாண்டினவர் எடுக்கலைன்னா நான் திருப்பிக் கேக்கற முதல் கேள்வி: "அப்பா எத்தனை வருசம் தறி ஓட்டினாருங்க?"

தறி குடோனுக்குள்ள ஒரு தடவை நின்னு பாருங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்டயே கத்தித்தான் பேசணும். நம்ம நாட்டுல தொழிற்சாலைக்கு வெச்சிருக்கற வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். தறி ஓட்டறவங்க ஷிப்ட் பல இடத்துல 12 மணி நேரம். உள்காதுல இருக்கற முடி மாதிரியான செல்கள் இந்தச் சத்தத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். செத்தா திரும்ப முளைக்காது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. காது மொத்தமா அடைக்கறதில்ல. முதல்ல அடி வாங்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கற கீச்சு ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் நல்லாவே கேக்கும். க, ச, த, ப மாதிரி மெல்லிசான மெய்யொலிகள்தான் நழுவும். கட்டு, தட்டு, பட்டு மூணும் ஒரே வார்த்தையாக் கேக்கும். அதனாலதான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல"ன்னு சொல்றாங்க. நேர்ல பேசறப்போ உதட்டைப் பார்த்து மீதியை ஊகிச்சுக்குவாங்க. இங்கிலாந்துல லங்காஷயர் பருத்தி ஆலைத் தறிக்காரங்க உதட்டசைவாலேயே பேசிக்கிட்டாங்க, அதுக்கு 'மீ-மாயிங்'னு பேரே உண்டு.

போன்ல உதடு தெரியாது. பழைய போன் லைன் 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். 4ஜி-ல அகலம் கூடியிருக்கு, ஆனா அதை வாங்கிக்கற காது வேணுமில்ல? போன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல்லோட மனைவி மேபெலுக்கே காது கேக்காது. புருசன் கண்டுபிடிச்ச சாமானை அந்தம்மா காதுல வெச்சுப் பேச முடியல. 1964ல ராபர்ட் வைட்பிரெக்ட்ங்கற காது கேளாத இயற்பியலாளர், பழைய டெலிபிரிண்டரைப் போன் லைன்ல மாட்டி எழுத்தை அனுப்ப வழி பண்ணினாரு. எஸ்எம்எஸ் வந்தது 1992லதான்.

அதனால மெசேஜ் பண்ற அப்பா உங்களை ஒதுக்கலீங்க. நாலு தடவை "என்னது, என்னது"ன்னு கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுத்தான் "சரி சரி"ங்கறாரு. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. மாத்திரை மாத்தினது, இன்சுலின் யூனிட் இதையெல்லாம் போன்ல சொல்லிட்டு அந்த "சரி"யை நம்பிடாதீங்க. எழுதி அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்ஸ் நோட்டு, திருப்பித் திருப்பிக் கேட்டுக்கலாம். வீடியோ காலும் தேவல, உதடு தெரியும். நெஞ்சுவலி, பாம்புக்கடின்னா மட்டும் மெசேஜ் தட்டிக்கிட்டு உக்காராதீங்க, 108தான். அவருக்குக் கேக்கலைன்னா பக்கத்து வீட்டாளைக் கூப்பிட்டுப் பேச வைங்க.

காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. சில சமயம் வெறும் அழுக்குதான் அடைச்சிருக்கும், எடுத்தாப் போச்சு. இல்லைன்னா ஆடியோமெட்ரி பண்ணுவாங்க. காதொலிக் கருவி அரசு மூலமா இலவசமாவே கிடைக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறைல விசாரிங்க. ஒரு காது மட்டும் திடீர்னு ஒரே நாள்ல அடைச்சுப் போச்சுன்னா தள்ளிப்போடாதீங்க, அன்னைக்கே வாங்க.

சத்தத்தால வர்ற காதுகேளாமை சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல இருக்கு. ஆனா வீட்டோட ஒட்டின நாலு தறி, எட்டுத் தறியெல்லாம் எந்தக் கணக்குல வருது சொல்லுங்க? இன்னும் ஓட்டறவங்க பஞ்சை உருட்டி வெச்சா போதாதுங்க, நுரை அடைப்பான் வாங்கி வைங்க. விலை ரொம்பக் கம்மி.

அப்புறம் எண்ணெய். நம்மூர் எண்ணெய்க்குப் பேர் போன ஊருதான், காதுக்குள்ள மட்டும் காய்ச்சி ஊத்தாதீங்க.

சந்தேகம் இருந்தா கீழ டைப் பண்ணுங்க. ஓபி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன்.