மௌனத்திற்கும் மாத்திரை உண்டு

சொல்லுக்கு ஒலி உடல் என்றால், கால அளவே அதன் உயிர். கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்று அளந்து தந்தது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் அளவு பிறழ்ந்தால் பொருளே பிறழ்ந்துவிடும். திருமறையை ஓதும் முறையை வகுக்கும் தஜ்வீது கலையும் நீட்ட வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம் ஆகியவற்றைத் தெளிவாக வரையறுக்கிறது. இவ்விரு மரபுகளும் வற்புறுத்தும் கால அளவின் அருமையை, ஒரு திருமண ஒளிப்பதிவைச் செப்பனிட்டபோது நான் கண்கூடாகக் கண்டேன்.

எங்கள் ஊர் காத்திவாக்கம். 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணையும்வரை தனி நகராட்சியாக விளங்கிய ஊர். அங்கே 1998இல் என் தமக்கையாரின் நிக்காஹ் நடைபெற்றது. அந்நிகழ்ச்சி வி.எச்.எஸ். ஒளிநாடாவில் பதிவாகி, பின்னர் வீசிடிக்கு மாற்றப்பட்டது. ஒரு வீசிடியில் 74 முதல் 80 நிமிடங்களே அடங்கும். ஆதலால் பதிவு இரு வட்டுகளாகப் பிரிந்தது. எங்கள் அத்தா மணமக்களுக்காகக் கேட்ட துஆ இரண்டாம் வட்டில் இருந்தது. அத்தாவின் குரலைத் தாங்கி எங்களிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

அத்தா மறைந்தபின், 2009இல், இரண்டையும் ஒரே டிவிடியாக்கித் தருமாறு தாயார் விரும்பினார்கள். கடையொன்றில் கொடுத்தோம். திரும்பி வந்த வட்டில் முற்பகுதி செம்மையாக இருந்தது. பிற்பகுதியிலோ உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் சென்றன. இடையிடையே கீச்சென்ற இரைச்சல் வேறு. “ஒலி கெட்டுவிட்டது, அந்த இடத்தில் ஒரு பாட்டைப் போட்டுவிடலாம்” என்றார் கடைக்காரர். “பாட்டு எங்கும் கிடைக்கும்; அவர் குரல் கிடைக்குமா?” என்று தாயார் கேட்டார்கள். அதற்கு எவரிடமும் விடை இல்லை.

கணினி பயின்ற என் தமக்கை மகன் காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தான். ஒவ்வொரு கோப்பும் தன் நேரத்தைச் சுழியிலிருந்து எண்ணுகிறது. இரண்டையும் அப்படியே ஒட்டினால் நடுவழியில் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், மென்பொருள் தடுமாறும். அடுத்தது, வீசிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. டிவிடிக்கு வேண்டியது 48,000. முறைப்படி மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றி எழுதினால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 55 நிமிடங்களில் முடிந்துவிடும். குரலும் மெலிந்து உயரும்.

மூன்றாவது காரணமே என்னைச் சிந்திக்க வைத்தது. வீசிடியின் ஒலி சிறு சிறு துண்டுகளாகப் பதிவாகிறது. ஒரு துண்டின் அளவு ஏறத்தாழ 26 மில்லி நொடி. வட்டில் கீறல் விழுந்து பழுதான துண்டுகளை மாற்று மென்பொருள் வீசியெறிந்துவிட்டது. அவ்வாறு 38 துண்டுகள் போனால் ஒலி படத்தைவிட ஒரு நொடி முந்திவிடும். பழுது சிறிது, அதை மறைத்ததால் விளைந்த கேடு பெரிது.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். அவன் மூல வட்டுகளைப் படியெடுத்து, ஒவ்வொரு கோப்பிலும் படத்தையும் ஒலியையும் தனித்தனியே பிரித்தான். பழுதான துண்டு இருந்த இடத்தில் அதே அளவு மௌனத்தை வைத்தான். ஒலியின் நீளம் படத்தின் நீளத்தோடு ஒத்ததை உறுதி செய்தபின், 48,000க்கு முறையாக மாற்றி இரு பகுதிகளையும் இணைத்தான். துஆவின் நடுவே இரண்டொரு சொற்கள் இல்லை. ஆனால் எஞ்சிய சொற்களெல்லாம் அத்தாவின் உதடுகளில் மீண்டும் பொருந்தின. பின்னணியில் காத்திவாக்கம் நிலையத்தைக் கடந்த இரயிலின் ஓசையும் கேட்டது. “அதை நீக்கட்டுமா?” என்றான். “இருக்கட்டும், அதுவும் அன்றைய நாள்தான்” என்றார்கள் தாயார்.

செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் அறிஞர், சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் புகுத்துவதில்லை, புள்ளியிட்டுக் காட்டுவார். இழந்ததை இழந்ததென்று காட்டும் அந்த நேர்மையே எஞ்சியதைக் காக்கிறது. நபிமொழிக் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பெரியோரும் இடையில் ஒருவர் விடுபட்டிருந்தால் அதனை மறைக்கவில்லை. விடுபட்டதென்றே பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவில் இடப்படும் மௌனமும் அத்தகைய ஒரு புள்ளியே.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் மூத்தோரின் குரல் தாங்கிய நாடாக்களும் வட்டுகளும் உறங்கிக் கிடக்கலாம். நாடா பூசணம் பூக்கும்; வட்டு கீறலுறும்; இயக்கும் கருவிகளோ அருகி வருகின்றன. இன்றே படியெடுங்கள், மூலத்தை எறியாதீர்கள், கெட்ட இடத்தைப் பாட்டால் மூடாதீர்கள். முன்னோரின் சொல்லை அளவு குன்றாமல் அடுத்த தலைமுறைக்குச் சேர்க்க வல்ல இறைவன் நமக்குத் துணை புரிவானாக!