பேத்தி எடுத்த பாடம்



பேத்தி கல்லூரியில் பொது நிர்வாகம் எடுத்திருக்கிறாள். "இதைப் படித்து என்ன ஆகும்?" என்று சிலர் கேட்டீர்கள்.

நான் ஆசிரியர் பயிற்சியோடு நிறுத்தியவன். 2008-இல் ஒரு மாணவனின் தாயாருக்கு விதவை உதவித்தொகை மனு எழுதிக்கொடுத்தேன். பதிலே இல்லை. மேற்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பையன் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான்.

மனு என்னவாயிற்று என்று எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம். வந்தது 2005-இல். பேத்தி சொல்லித்தான் எனக்கு இப்போது தெரியும்.

நாட்டு நலப்பணித் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரத் தொண்டு. "மனு எழுதிக்கொடுத்தால் போதாதம்மா, பதில் வரும்வரை கூட நில்" என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி, இதை நீ படித்தால் ஐயாவை மன்னித்துவிடு.