நெஞ்சு தூக்குது

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, “லூஸ் மோஷன் ஆன்ட்டி” என்றாள். “தண்ணியா போகுதா, சீதமா போகுதா?” என்று கேட்டேன். “சீதம்னா?” என்றாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண். பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன். உடனே படிந்தது. கண் குழி விழவில்லை, நாக்கில் ஈரம் இருந்தது. பாக்கெட் கரைசலை எப்படிக் கலப்பது, எவ்வளவு கொடுப்பது என்று சொல்லிவிட்டு, ரத்தம் தெரிந்தால் ஒரு வேளைகூடக் காத்திருக்காதே, டாக்டரிடம் போ என்று அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகும் ‘சீதம்’ என்ற அந்தச் சொல் மட்டும் என் வாசலை விட்டுப் போகவில்லை.

1985-ல் செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நர்சாகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டம். பாறைக் குன்றுகளும் மல்லாட்டைக் கொல்லைகளுமான ஊர். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. எங்கள் நிலையம் ஓட்டு வீடு ஒன்றின் பாதி. கண்ணாடி சிரிஞ்சுகளை இருபது நிமிடம் கொதிக்கவைக்க ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தொங்கு தராசு, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் காய்ச்சல் மாத்திரை, முறைக்காய்ச்சலுக்குக் குளோரோகுயின், ரத்தச்சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, சொறி சிரங்குக்குப் பென்சைல் பென்சோயேட், வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து. அந்த ஊதா மருந்து ஜென்ஷன் வயலட். ஒரு முறை தொட்டால் மூன்று நாள் விரலில் நிற்கும். ஊரில் என் விரலைப் பார்த்தே நர்சம்மா என்று கண்டுகொள்வார்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, சொன்னதைச் செய்வது உங்கள் வேலை என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. கடைசி பஸ் ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு மேல் கதவைத் தட்டுகிறவர்களுக்கு என்ன நோய் என்று நான்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. இந்தக் காய்ச்சல் காலைவரை தாங்குமா, இல்லை இப்போதே மாட்டுவண்டி கட்டச் சொல்லணுமா? அதை முடிவு செய்ய எனக்கு இருந்தவை ஒரு தெர்மாமீட்டர், ஒரு எச்.எம்.டி. கைக்கடிகாரம், கண், காது.

கண்ணும் கையும் பயிற்சியில் பழகியவை. காது அந்த ஊரில்தான் பழகியது. வயிற்றுப்போக்கு என்று பாடத்தில் ஒரே சொல்லாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஊரில் அதற்கு ஒரு சொல் இல்லை. “வயித்தால போவுது” என்றால் தண்ணீராகப் போகிறது, கரைசல் கொடுத்தால் போதும். “சீதபேதி” என்றால் சளியும் கடுப்பும், வேறு மருந்து வேண்டும். “ரத்தபேதி” அதற்கும் ஒரு படி மேல். “வாந்திபேதி” என்று ஒருவர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், நான் செருப்பு மாட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக் கிணற்றைப் பற்றி யோசிப்பேன். ஏனென்றால் அது காலராவாக இருக்கலாம். மூன்று நான்கு விதமான சிகிச்சையை அந்தத் தாய்மார் வாசற்படியிலேயே பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கு எல்லாம் ‘லூஸ் மோஷன்’ ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லைப் பிரிக்க இப்போது பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

“தோஷம் தட்டிட்டுது, உச்சி விழுந்துட்டுது” என்று ஒரு ஆயா பிள்ளையைக் கொண்டுவந்தபோது, முதலில் மூடநம்பிக்கை என்று முகம் சுளித்தேன். தீட்டுப்பட்ட யாரோ பார்த்ததால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் உச்சந்தலையில் கை வைத்துப் பார்த்தபோது உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. உடம்பில் நீர் வற்றியதற்கு எங்கள் புத்தகத்தில் எழுதியிருந்த அதே அடையாளம். காரணத்தைத் தவறாகச் சொல்லியிருந்தார்கள், அடையாளத்தைச் சரியாகப் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு தோஷம் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசியதே இல்லை. “சரி ஆயா, தோஷத்துக்கு மந்திரிச்சுக்கோ, ஆனா இதையும் ஒவ்வொரு வாயா ஊட்டு” என்று கரைசலைக் கையில் கொடுப்பேன். ஒரு லிட்டர் அளக்க எங்கே போவது? 200 மில்லி டம்ளரில் ஐந்து டம்ளர் நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதிலும் உப்பு கூடிவிடக்கூடாது. கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது என்று நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்தவர்களை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. 1971-ல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்புச் சர்க்கரை நீரைப் பீப்பாய்களில் கலந்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கதையைப் பயிற்சியில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊட்டியது டாக்டர் அல்ல, அம்மாவும் அக்காவும்.

சவலை என்ற சொல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் முந்தைய பிள்ளைக்குப் பால் நின்று, அது ஏங்கி, கை கால் சூம்பி, முகமும் பாதமும் ஊதி, தலைமயிர் செம்பட்டையாகி மூலையில் உட்கார்ந்திருக்கும். “இது சவலைப்புள்ளை நர்சம்மா” என்பார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் இன்றைய கானா நாட்டில் வேலை பார்த்தபோது, அங்கே கா மொழி பேசும் தாய்மார் இதே நோய்க்கு வைத்திருந்த பெயரை எடுத்து, 1935-ல் லான்செட் இதழில் எழுதினார். குவாஷியோர்க்கர். அடுத்த பிள்ளை வரும்போது மூத்ததற்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். அந்த ஊர் அம்மாக்களும் என் ஊர் அம்மாக்களும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. அவர்கள் சொல் உலகத்து மருத்துவப் புத்தகமெல்லாம் ஏறியது, எங்கள் சொல் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதியது ‘எடை குறைவு’ என்று மட்டும்தான்.

கர்ப்பிணிகளிடம் ரத்தச்சோகையைக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்போம், நாக்கும் நகமும் பார்ப்போம். அதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி, “ஏம்மா, பச்சரிசி திங்கிறியா?” என்பது. வெட்கப்பட்டுச் சிரித்தால் பாதி தெரிந்துவிடும். சாம்பல், விபூதி, அடுப்பு மண் என்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொல்வாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை வாழைக்கொல்லையில் வீசிவிடுவார்கள். “கறுப்பாப் போனாத்தான் மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்” என்று முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

தேமல் என்று காட்டுகிற வெளுத்த தோலைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்டினால் தேமல்தான், காட்டாவிட்டால் தொழுநோயாக இருக்கலாம். காட்டாமல் “எப்பம்மா தொடுவீங்க?” என்று ஒரு பையன் கண்ணை மூடியபடி கேட்டான். நான் நான்கு முறை தொட்டு முடித்திருந்தேன். கூட்டு மருந்து வந்துவிட்ட காலம், அவன் முழுக்கக் குணமானான். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் கேட்கிறது.

அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். நர்சு உள்ளே போகக்கூடாது, ஊசி கூடாது. வாசலில் நின்றபடியே பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தில் எண்ணுவேன். மணல்வாரி அம்மையில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும் நிமோனியாதான். ஆனால் இப்படி எண்ணுவது பிற்பாடு வந்த பழக்கம். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1987, மார்கழி. இரவு எட்டு மணி இருக்கும். ஒரு ஆயா ஏழு மாதப் பேரனைச் சேலையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். சளி, காய்ச்சல். “நெஞ்சு தூக்குது நர்சம்மா” என்றாள். அந்த ஊரில் சளி பிடித்த எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று தூக்கும், இழுக்கும், கட்டும். தெர்மாமீட்டர் 101 காட்டியது. காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, காலையில் முதல் பஸ்ஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரி போகச் சொன்னேன். சேலையை விலக்கிப் பார்க்கவில்லை. குளிர் என்று விலக்கவில்லை. அவள் இன்னொரு தடவை, “நெஞ்சு தூக்குதும்மா” என்றாள். “தெரியும் ஆயா, காலையில போயிடு” என்றேன். விடியற்காலை பறை கேட்டது.

1992-க்குப் பிறகு எங்களுக்கெல்லாம் புதுப் பயிற்சி வந்தது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக்கூடாது. பிள்ளை அழாமல் இருக்க வேண்டும், அம்மா மடியில் இருந்தால் நல்லது. இரண்டு மாதத்துக்குள் அறுபது, ஒரு வயதுக்குள் ஐம்பது, அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாற்பது. அதைத் தொட்டால் நிமோனியா. கோட்ரைமாக்சசோல் சின்ன மாத்திரை எங்கள் பெட்டிக்கே வந்தது. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை இரண்டு, அதற்கு மேல் மூன்று, காலையும் மாலையும் ஐந்து நாள். எங்கள் கையில் நோயும் மருந்தும் ஒன்றாக வந்த முதல் நாள் அது. பயிற்சி கொடுத்தவர் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். மூச்சை உள்ளே இழுக்கும்போது பிள்ளையின் கீழ் விலா உள்ளே குழிகிறது. இதைக் கண்டால் முதல் வேளை மருந்தைக் கொடுத்து அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், காலைவரை வைக்காதீர்கள் என்றார்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே குழியும்போது வயிறு மேலே எழும்புகிறது. புத்தகம் குழிவதைப் பார்த்தது, ஆயா எழும்புவதைப் பார்த்திருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லித்தராத அடையாளத்தை ஒரு கிழவி இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் வரியில் ‘நெஞ்சு தூக்குது’ என்று எழுதினேன். அதன் பிறகு எந்த வாசலில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் எழுதிவைத்தேன். ‘பொழுது சாஞ்சா காயுது’ என்று ஒரு பெண் சொன்னதை எழுதிய மூன்றாம் நாள் அவள் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோய்தான். ‘கக்குவான்’, ‘பொன்னுக்கு வீங்கி’, ‘மாலைக்கண்’ என்று பலவும் அதில் உண்டு. அக்கி என்றால் குயவரிடம் போய்ச் செம்மண்ணில் எழுதிக்கொள்வார்கள். நான் தடுக்கவில்லை, கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் என்னிடம் வரச் சொன்னேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம், டைல்ஸ் தரை, நர்சு கையில் டேப்லெட். நல்ல பெண், பொறுமையாக வேலை செய்தாள். தடுப்பூசி புண்ணியத்தால் கக்குவானையும் மணல்வாரியையும் அதிகம் பார்த்ததில்லை என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. “சவலைன்னா என்னம்மா?” என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஆயாவின் வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழும்பியிருந்தது, திண்ணை இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ பையில் ஊதா மருந்து கொட்டியிருக்கிறது. ஆவி காட்டி மெல்லப் பிரித்தேன். மேல் ஓரத்தில் ‘மூச்சு’ என்று ஒரு சொல் மட்டும் தெரிந்தது. மீதி பக்கம் முழுக்க ஊதா. அங்கே யார் சொன்ன எந்தச் சொற்களை எழுதியிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.