பானெட் முன்னால் சாயும்போது

பொம்மனஹள்ளியில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய பிக்கப்களில் என் மனசுக்கு நெருக்கமானது செவர்லே. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டி அசெம்பிள் செய்த காலத்தின் மிச்சம். அதன் பானெட்டுக்குக் கண்ணாடிப் பக்கம் கீல். முதலை வாய் போல் திறக்கும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் கடைசி இரண்டும் உள்ளே ஒளிந்துகொள்ளும். டேப்பட் செட் செய்ய அகலமான மட்கார்டின் மேல் கவிழ்ந்து தொங்க வேண்டும். அதனால்தான் பானெட்டை முன்பக்கம் சாய்க்கும் கிட்டைப் போடச் சொல்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேகமாகப் போகும்போது லாக் விட்டுவிட்டால், பழைய பானெட்டைக் காற்று தூக்கிக் கண்ணாடியில் அடித்துவிடும். கீல் முன்னால் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

கிட் என்பது இரண்டு கை, இரண்டு புஷ், சில பிராக்கெட். மீதி எல்லாம் சுழலும் புள்ளியைப் பொறுத்தது. அந்தப் புள்ளி பானெட் மூக்குக்குப் பின்னால் விழுந்தால், திறக்கும்போது மூக்கு கீழே இறங்கி கிரில்லில் இடிக்கும். மூக்குக்கு முன்னாலும் கீழேயும் அமைந்தால் மூக்கு எழும்பி விலகும். பானெட்டின் பக்க வடிவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி, பலகையில் வைத்து, ஆணியால் குத்திச் சுழற்றிப் பார்ப்பேன். ஆணியை அரை விரல் நகர்த்தினாலே மூக்கின் பாதை மாறிவிடும். அட்டை சரி என்று சொல்லாமல் டிரில்லைத் தொட மாட்டேன்.

அதற்கும் முன்னால் கேபின் ரப்பர்களை மாற்றியாக வேண்டும். எழுபது வருஷம் அமுங்கிய ரப்பரின் மேல் அளவெடுத்தால் எந்தக் கேப்பும் நிற்காது. வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் சேஸிஸ் வேறு மாதிரி வளையும்.

மூடும்போது பின் விளிம்பு கண்ணாடிப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித்தான் இறங்கும். பெயிண்ட் பெயர்வது அங்கேதான். எதிரே உள்ள தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, மெதுவாக மூடித் திறப்பேன். சுண்ணாம்பு அழிந்த இடத்தில் உரசல். ஒரு மெல்லிய வாஷர் கூட்டிக் குறைத்தால் போதும்.

வெல்டிங் கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன். எல்லாமே போல்ட். ஐம்பது வருஷம் தாண்டிய கார், டூ வீலர்களுக்கான 2021 மத்திய விதி, சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. பிக்கப்புக்காக எழுதிய விதி இல்லைதான், ஆனாலும் நாளை யாராவது பழைய கீலையே மாட்ட விரும்பினால் வண்டி இடம்கொடுக்க வேண்டும். கழற்றிய கீலையும் ஸ்பிரிங்கையும் கிரீஸ் தடவி உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

பின் விளிம்பின் நடுவில் ஒரே லாக் வைத்தால் இரண்டு மூலையும் குழியில் விழும்போதெல்லாம் நடுங்கும். மூலைக்கு ஒன்றாக இரண்டு லாக் வைத்து, ஒரே கேபிளில் இழுக்க வேண்டும். அந்தக் கேபிள் அறுந்தால் பானெட் திறக்காது. அதனால் வண்டிக்கு அடியிலிருந்து கை எட்டும்படி இன்னொரு கேபிளை விட்டு, அது எங்கே இருக்கிறது என்று உரிமையாளரையே குனிந்து தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.